பழைய ஸ்டாஃப் பைல்: அலமாரியா, ஸ்கேனா, கிளவுடா, ஏஜென்டா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பாட்டுக் கடை, மஸ்ஜிட் இந்தியாவுல துணிக்கடை, பூச்சோங் பக்கம் லாரி கம்பெனின்னு வச்சிருக்கிற நம்மாளுங்க கிட்ட இருந்து கொஞ்ச நாளா ஒரே கேள்வி மாத்தி மாத்தி வருது: மேல் மாடி ஸ்டோர் ரூம் பூரா பழைய ஸ்டாஃப் பைலு, ஸ்கேன் பண்ணிட்டு பேப்பரைத் தூக்கிப் போட்டுரலாமா, இல்ல மாசா மாசம் காசு கட்டுற, ஸ்டாஃப் விவரத்தை இன்டர்நெட்ல வைக்கிற அந்த எச்ஆர் சிஸ்டத்துக்கு மாறிரலாமா? தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கிற பிடிபிஏ சட்டத்தை 2024ல திருத்தினதுல இருந்து அபராதம் 3 லட்சம் வெள்ளியில இருந்து 10 லட்சம் வெள்ளிக்கு ஏறிருச்சு, ஜெயில் 2 வருஷத்துல இருந்து 3 வருஷம். அதைச் சொல்லி பயமுறுத்தியே சிஸ்டம் விக்கிறவங்க போன் மேல போன் போடுறாங்க. பயந்துபோய் கையெழுத்து போட்டுறாதீங்க, முதல்ல கணக்கைப் பாப்போம்.

## எதை வச்சு அளக்கிறது

எல்லாரும் கேக்குறது "எதுல வச்சா சேப்டி". என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்விதான். மொதக் கேள்வி, நாள் வந்ததும் அந்த ஒரு பேப்பரை மட்டும் கண்டுபிடிச்சு அழிக்க முடியுமா, அழிச்சேன்னு காட்ட முடியுமாங்கிறது. ஏன்னா ஒரு பக்கம் லேபர் ஆபிஸும் வருமான வரியும் "வச்சிரு"ன்னு சொல்லுது, இன்னொரு பக்கம் பிடிபிஏ "தேவை முடிஞ்சா அழி"ன்னு சொல்லுது, ரெண்டுக்கும் நடுவுல நம்ம ஸ்டோர் ரூம் மாட்டிக்கிட்டு நிக்குது. எதுக்கும் இருக்கட்டும்னு 1998ல வேலை பாத்தவரோட ஐசி (அடையாள அட்டை) காப்பியை இன்னும் வச்சிருக்கிறது பத்திரம் இல்ல, சட்டப்படி அதுவும் தப்புதான்.

அதுக்கப்புறம் மத்ததெல்லாம். அதிகாரி வந்து கேட்டா அன்னைக்கே எடுத்துக் காட்ட முடியுமா, வேலை பாக்குறவரே தன்னோட விவரத்தைக் கேட்டா 21 நாளுக்குள்ள குடுக்க முடியுமா, யார் யார் கண்ணுல படுது, கடைசியா காசு. காசுன்னா மாசக் கட்டணம் மட்டும் இல்ல, இடத்து வாடகை, கிராணியோட நேரம், நாளைக்கு வேற வழிக்கு மாறும்போது ஆகிற செலவு எல்லாம் சேத்துதான்.

எத்தனை வருஷம்ங்கிறது தெரியாம எதையும் ஒப்பிட முடியாது, அதனால இதை முதல்ல பாருங்க:

| என்ன ரெக்கார்ட் | எவ்வளவு காலம் | எதுனால |
|---|---|---|
| பேர், ஐசி, சேந்த தேதி, சம்பளம், ஓவர்டைம், லீவு ரெஜிஸ்டர் | பதிஞ்ச நாள்ல இருந்து குறைஞ்சது 6 வருஷம் | 1955 வேலைச் சட்டம், செக்‌ஷன் 61 |
| சம்பளக் கணக்கு, பிசிபி (மாசா மாசம் சம்பளத்துல பிடிக்கிற வரி), இஏ பாரம் (ஆளுக்குக் குடுக்கிற வருஷச் சம்பள விவரம்), இ பாரம் (முதலாளி வரி ஆபிஸுக்குக் குடுக்கிற வருஷ விவரம்) | அந்த வருஷம் முடிஞ்சு 7 வருஷம் | 1967 வருமான வரிச் சட்டமும் பிசிபி விதிகளும் |
| சம்பள வவுச்சர், கணக்குப் புத்தகம் (சென்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனியா இருந்தா) | 7 வருஷம் | 2016 கம்பெனிச் சட்டம் |
| வேலை ஒப்பந்தம், வார்னிங் லெட்டர், வேலையை விட்டு நிப்பாட்டுன லெட்டர் | ஆள் போனதுல இருந்து 6 வருஷமாவது | ஒப்பந்த வழக்கு போடுற கெடு, 1953 காலவரம்புச் சட்டம் |
| வேலையிடத்து விபத்து ரெக்கார்ட் | 5 வருஷம் | 2004 விபத்து அறிவிப்பு விதிகள் |
| ஆபத்தான கெமிக்கல்ல வேலை பாக்குறவங்களோட மருத்துவக் கண்காணிப்பு ரெக்கார்ட் | 30 வருஷம் | 2000 கெமிக்கல் விதிகள் |

6ஆ 7ஆன்னு குழம்புறவங்க சம்பளம் சம்பந்தப்பட்டதுக்கு 7ன்னே வச்சுக்கலாம். 2018 சம்பளம்னா 2018 டிசம்பர்ல இருந்து எண்ணணும், 2025 டிசம்பரோட முடியுது, 2026 ஜனவரில அழிக்கலாம். இன்னொண்ணு, ஒருத்தர் உங்க கிட்ட 20 வருஷமா வேலை பாக்குறாருன்னு அவரோட 2006 சம்பளச் சிலிப்பையெல்லாம் வச்சிருக்கணும்னு இல்ல. ஆனா அவரோட வேலை ஒப்பந்தம் அவர் போற வரைக்கும், போனதுக்கு அப்புறமும் வேணும்.

ஒருத்தருக்கு ஒரு பைல், அதுக்குள்ள ஒப்பந்தமும் சம்பளச் சிலிப்பும் டாக்டர் ரிப்போர்ட்டும் பேங்க் புக் காப்பியும் ஒண்ணு மேல ஒண்ணுன்னு போட்டு வச்சா, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கெடு, கடைசில எதையுமே அழிக்க மாட்டீங்க. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல்ல மூணாப் பிரிங்க: சம்பளமும் வரியும் ஆள் வாரியா இல்லாம வருஷ வாரியா, ஒப்பந்தமும் லெட்டரும் ஆள் வாரியா, மருத்துவம் தனியா பூட்டி. இதைச் செய்யாம சிஸ்டம் வாங்குனா, குப்பையைக் காசு கட்டி கிளவுட்ல வைக்கிறீங்க, அவ்வளவுதான்.

## வழி 1: பேப்பர் பைல், பூட்டுன அலமாரி

கேலி பண்றாங்க, ஆனா 20 பேருக்குள்ள இருக்கிற, ஒரே இடத்துல நடக்குற கடைக்கு இது இன்னும் நல்ல வழிதான். ஒரிஜினல் கையெழுத்து கையில இருக்கு, ஹேக்கிங் பயம் இல்ல, 2018ன்னு எழுதின பெட்டியைத் தூக்கினா 2018 மொத்தமும் போயிரும். அழிக்கிறதுல இதை விட சுலபமான வழி கிடையாது.

2015ல வந்த பிடிபிஏ தரநிலை பேப்பருக்கும் விதி வச்சிருக்கு, பூட்டுன இடத்துல இருக்கணும், யாருக்கு அனுமதின்னு ரெக்கார்ட் இருக்கணும், வேண்டாத பேப்பரை ஷ்ரெட்டர்ல போட்டோ வேற சரியான வழிலயோ முழுசா அழிக்கணும். கேபினெட் கவுண்டருக்குப் பின்னாடி இருந்து, சாவி கேபினெட்லயே தொங்குனா அது பூட்டுனதாகாது.

மறைஞ்சிருக்கிற செலவு இங்க ஊர் வெதர்லதான் இருக்கு. கறையான், ஒழுகுற சீலிங், அப்புறம் வெள்ளம். 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முங்குனப்போ வீடு கடைன்னு பாக்காம தண்ணி ஏறுச்சு, பினாங்குக்காரங்களுக்கு 2017 நவம்பர் ஞாபகம் இருக்கும். கீழ் மாடில வச்சிருந்தா தரையில இருந்து ரெண்டு தட்டாவது மேல வைங்க. தெர்மல் பேப்பர்ல அடிச்ச பேங்க் சிலிப் ரெண்டு மூணு வருஷத்துல வெள்ளையாயிரும், அதை உடனே போட்டோஸ்டேட் எடுத்து சேத்து வச்சுருங்க.

அப்புறம் ஒரு விஷயம், வெளிநாட்டு ஆளுங்களோட பாஸ்போர்ட்டை அந்த அலமாரில பூட்டி வைக்கிறது நம்ம பக்கம் சர்வ சாதாரணமா நடக்குது. அடுத்தவங்க பாஸ்போர்ட்டை வச்சிருக்கிறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். காப்பி எடுத்துக்கிட்டு அவர் கையில குடுத்துருங்க. ஓடிருவான்னு பயமா இருந்தா அது வேற பிரச்சினை, அதுக்கு மருந்து பைல்ல இல்ல.

## வழி 2: ஸ்கேன் பண்ணி சொந்தக் கம்ப்யூட்டர்ல

இதுதான் எல்லாருக்கும் பிடிச்ச வழி, இதுலதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. "ஸ்கேன் எடுத்தாச்சு, இனி பேப்பர் எதுக்கு?"ங்கிற நெனப்பு. வருமான வரிச் சட்டம் செக்‌ஷன் 82 பிசினஸ் ரெக்கார்ட் பத்தி என்ன சொல்லுதுன்னா, ஆரம்பத்துல கையால பேப்பர்ல இருந்ததை அப்புறமா எலெக்ட்ரானிக்கா மாத்துனா, அந்தப் பழைய வடிவத்தையும் வச்சிருக்கணும். அதாவது கையெழுத்து போட்ட சம்பள வவுச்சரை ஸ்கேன் எடுத்தாலும் 7 வருஷம் ஆகுற வரைக்கும் பேப்பர் இருக்கணும். அப்ப இடம் மிச்சமாகும்னு நெனச்சு ஸ்கேனிங்குக்கு செலவு பண்ணா, இடமும் மிச்சமாகல, கிராணியோட ரெண்டு மாச வேலையும் போச்சு.

ஆரம்பத்துலயே கம்ப்யூட்டர்ல பொறந்த ரெக்கார்டுன்னா கதை வேற. எஸ்கியூஎல் பேரோல் மாதிரி சாஃப்ட்வேர்ல சம்பளம் போட்டு சிலிப்பை பிடிஎஃப்பா அனுப்புறவங்களுக்கு பேப்பர் தேவையே இல்ல, ஆனா கேட்டா உடனே திறந்து காட்டவும் பிரிண்ட் எடுக்கவும் முடியணும், பிசினஸ் ரெக்கார்ட் மலேசியாவுக்குள்ளயே இருக்கணும். கோர்ட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் டாக்குமென்ட் செல்லும், 1950 சாட்சியச் சட்டம் 90ஏ அதுக்குத்தான் இருக்கு, அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுப்பா நடத்துறவர் சான்று குடுக்க வேண்டி வரலாம். இதுல ஒரு பொறி இருக்கு: சாஃப்ட்வேர் லைசென்ஸை நிறுத்திட்டீங்கன்னா பழைய பேக்கப் பைல் திறக்காமப் போகலாம். அதனால வருஷக் கடைசில இஏ பாரம், மாசச் சம்பளப் பட்டியல் எல்லாத்தையும் பிடிஎஃப்பா வெளிய எடுத்து வச்சுருங்க.

பேப்பரை விட இதுல அழிக்கிறது கஷ்டம், இது நிறைய பேருக்குப் புரியறதில்ல. ஒரு பைல் கிராணி கம்ப்யூட்டர்ல, முதலாளி லேப்டாப்ல, பென்டிரைவ்ல, ஈமெயில்ல, அதுக்கும் மேல வாட்ஸ்அப்ல. புதுசா ஆள் சேந்தா "ஐசி போட்டோ அனுப்புலா"ன்னு சூப்பர்வைசர் கேப்பாரு, அது குரூப்ல விழும், குரூப்ல இருக்கிற முப்பது பேர் போன்லயும் போய் உக்காரும், அந்த ஆள் மூணு மாசத்துல போயிருவாரு, ஐசி போட்டோ போகாது. நான் பாத்தவரைக்கும் சின்ன கம்பெனிகள்ல ஸ்டாஃப் விவரம் வெளிய கசியிற மெயின் ஓட்டை இதுதான், அலமாரி இல்ல. ஒரு ஆள் மட்டும் தனி நம்பர்ல வாங்கி, போல்டர்ல போட்டுட்டு, போன்ல இருந்து அழிக்கிற மாதிரி பழக்கிட்டா பாதிப் பிரச்சினை தீந்துச்சு.

பென்டிரைவ், கிளவுட் ரெண்டுலயும் ஸ்டாஃப் விவரத்தை மாத்துறதுக்கு, மேல்மட்டம் நியமிச்ச ஒரு பொறுப்பாளர் எழுத்து மூலமா அனுமதி குடுத்திருக்கணும்னு 2015 தரநிலை சொல்லுது. ஒரு பக்கம் அனுமதிக் கடிதம் போதும், ஆனா யாரும் எழுதுறதில்ல. லேப்டாப் காடில இருந்து திருடு போச்சுன்னு வைங்க, 2025 ஜூன் 1ல இருந்து, ஸ்டாஃபுக்குப் பெரிய பாதிப்பு வரலாம்னா 72 மணி நேரத்துக்குள்ள பிடிபிஏ கமிஷனருக்குச் சொல்லணும், அதுக்கப்புறம் 7 நாளுக்குள்ள அந்த ஆளுங்களுக்கும் சொல்லணும். டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி, அதாவது பாஸ்வேர்ட் இல்லாம படிக்க முடியாத மாதிரி வச்சிருந்தா அந்த ராத்திரி நிம்மதியா தூங்கலாம், அதுக்குத் தனிக் காசும் பெருசா ஆகாது.

யாருக்கு நல்லது: ஏற்கனவே பேரோல் சாஃப்ட்வேர் இருக்கிற, 20ல இருந்து 50 பேர் வரைக்கும் உள்ள, ஒரு பொறுப்பான கிராணி இருக்கிற இடத்துக்கு. கிராணி அடிக்கடி மாறுற இடம்னா வேண்டாம்.

## வழி 3: மாசக் கட்டண கிளவுட் எச்ஆர் சிஸ்டம்

மூணு நாலு கிளை, ஆளுங்க வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்காங்க, லீவு அப்ளை பண்றதே தலைவலின்னா யோசிக்காம இதுக்குப் போங்க. யார் எதைப் பாத்தாங்கன்னு ரெக்கார்ட் இருக்கும், பேக்கப் கவலை இல்ல, ஸ்டாஃப் தானே சிலிப்பை எடுத்துக்குவாங்க. பத்துப் பேர் வேலை பாக்குற வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு இது வீண்.

விக்க வர்றவர் கிட்ட விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேளுங்க. வேலையை விட்டுப் போனவங்களுக்கும் தலைக்கு இவ்வளவுன்னு போடுவீங்களா? ஒருத்தரோட பேங்க் நம்பரையும் டாக்டர் ரிப்போர்ட்டையும் மட்டும் அழிச்சுட்டு, சம்பளக் கணக்கை விட்டு வைக்க முடியுமா, இல்ல ஆளையே அழிச்சாத்தான் உண்டா? பேக்கப்ல இருந்து எப்ப போகும்? நாங்க நிறுத்திட்டா எத்தனை நாள் வரைக்கும் எல்லாத்தையும் எடுத்துக்கலாம், பிடிஎஃப்பா வருமா இல்ல உங்க சிஸ்டம்ல மட்டும் திறக்கிற பைலா? சர்வர் எந்த நாட்டுல? வெளிநாட்டுலன்னா, டேட்டாவை வெளிய அனுப்புறதுக்கு பிடிபிஏ செக்‌ஷன் 129 நிபந்தனை போடுது, கணக்கு ரெக்கார்ட் மலேசியாவுல இருக்கணும்ங்கிற வரி விதியும் இருக்கு, அதனால வருஷத்துக்கு ஒருக்கா முழு காப்பி இறக்கி இங்க வச்சுக்கணும். அந்தக் காப்பிக்கு வழி 2ல சொன்ன எல்லாப் பிரச்சினையும் உண்டு, அதை எந்த விளம்பரமும் சொல்லாது.

இந்தக் கேள்விக்கெல்லாம் எழுத்துல பதில் குடுக்காத ஆள் கிட்ட வாங்காதீங்க.

## வழி 4: பேரோல் ஏஜென்ட், இல்ல வெளி ஸ்டோரேஜ்

அக்கவுன்டன்ட் ஆபிஸே சம்பளம், இபிஎஃப் (சேம நிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு), பிசிபி எல்லாம் பாத்துக்கும், பைலும் அவங்க கிட்டயே இருக்கும். தலைவலி குறையுதுதான், பொறுப்பு குறையல. லேபர் ஆபிஸ்காரர் வந்து நிக்கிறது உங்க வாசல்ல, ரெஜிஸ்டர் காட்டலன்னா வேலைச் சட்டத்துல 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம்ங்கிறது முதலாளிக்குத்தான். 2025 ஏப்ரல் 1ல இருந்து டேட்டாவைப் பத்திரமா வச்சிருக்கிற கடமை ஏஜென்டுக்கும் நேரடியா வந்திருச்சு, ஆனா அதுனால உங்க கடமை கழண்டு போகல.

ஏஜென்ட் கூட சண்டை போட்டுப் பிரியுறப்போதான் இதோட உண்மையான செலவு தெரியும். பீஸ் பாக்கியைக் குடு, அப்பத்தான் பைல்னு நிப்பாங்க. ஒப்பந்தத்துல, நிறுத்துனா இத்தனை நாளுக்குள்ள எல்லாத்தையும் திருப்பிக் குடுத்து, அவங்க காப்பியை அழிச்சுட்டு எழுதிக் குடுக்கணும்னு ஒரு வரி இருந்தா போதும். மாசா மாசம் சம்பள எக்ஸெல் பைலை பாஸ்வேர்ட் இல்லாம ஈமெயில்ல அனுப்புற ஏஜென்டா இருந்தா அதையும் மாத்தச் சொல்லுங்க.

பெட்டி வாரியா வாங்கி கிடங்குல வைக்கிற ஸ்டோரேஜ் கம்பெனிங்க இன்னொரு ரகம். அது பினாங்குல பிறை, பாயான் லெப்பாஸ் பக்கம் கெமிக்கல் வச்சு வேலை நடக்குற பேக்டரிங்களுக்குத்தான் பொருந்தும், 30 வருஷ மருத்துவ ரெக்கார்டை எந்த ஷாப்லாட் ஸ்டோர் ரூமும் தாங்காது. பெட்டி வாடகை கம்மியாத் தெரியும், ஒரு பெட்டியைத் திருப்பி வரவழைக்க எவ்வளவு, கடைசில அழிக்க எவ்வளவுன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க.

## சரி, நான் எதைச் சொல்லுவேன்

பத்து இருபது பேர், ஒரே கடை: அலமாரி, வருஷ வாரியா பெட்டி, கூடவே சாஃப்ட்வேர்ல போடுற சம்பளத்தோட பிடிஎஃப். பழைய பேப்பரை ஸ்கேன் எடுக்க ஒரு சென் கூட செலவு பண்ணாதீங்க, அதெல்லாம் தானா கெடு முடிஞ்சு போயிரும், இன்னையில இருந்து வர்றதை மட்டும் எலெக்ட்ரானிக்கா ஆரம்பிங்க. இருபதைத் தாண்டி, நம்பகமான கிராணியும் இருந்தா வழி 2. கிளை பெருகுனா வழி 3. கணக்கே தெரியாத முதலாளின்னா வழி 4, ஆனா வேலை ஒப்பந்த ஒரிஜினல் மட்டும் உங்க கையில.

## அழிக்கிற நாள் வந்தா

இதுலயும் மூணு வழி இருக்கு. "பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா"ன்னு கத்திக்கிட்டு வர்ற லாரிக்குக் கிலோ கணக்குல போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம், ஐசி நம்பரும் பேங்க் நம்பரும் இருக்கிற பேப்பர் எங்க போய் எந்தக் கடைல பொட்டலம் மடிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. கொஞ்சமா இருந்தா குறுக்கும் நெடுக்குமா வெட்டுற சின்ன ஷ்ரெட்டர் போதும், நீள நீளமா வெட்டுற மெஷின் வாங்காதீங்க, ஒட்டிப் படிச்சுரலாம். பத்துப் பதினஞ்சு பெட்டின்னா ஷ்ரெட்டிங் கம்பெனியைக் கூப்பிடுங்க, உங்க கண் முன்னாடியே அரைக்கிற லாரி வருமான்னு கேளுங்க, அழிச்சதுக்கு சர்ட்டிபிகேட் வாங்குங்க. சொந்தமா அழிச்சாலும் ஒரு புக்ல எழுதி வைங்க: என்ன வகை, எந்த வருஷம், என்னைக்கு, எப்படி, யாரு. அந்தப் புக்லயே மறுபடி ஐசி நம்பரையெல்லாம் எழுதி வைக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அது வேண்டாம்.

வேலைக்கு எடுக்காதவங்களோட விண்ணப்பம், ரெசுமே எல்லாம் சும்மா கட்டி வைக்காதீங்க. சட்ட மதிப்பு எதுவும் இல்லாத விவரப் பாரத்தை 14 நாளுக்குள்ள அழிக்கணும்னு தரநிலை சொல்லுது, டேட்டாபேஸ்ல சும்மா கிடக்கிற விவரத்துக்கு 24 மாசக் கணக்குல ஒரு அழிப்பு அட்டவணை வச்சிருக்கணும்னும் சொல்லுது.

கெடு முடிஞ்சாலும் அழிக்கக் கூடாத சமயம் ஒண்ணு இருக்கு. யாராவது லேபர் ஆபிஸ்ல புகார் குடுத்திருந்தா, இல்ல வரி ஆடிட் நடந்துக்கிட்டிருந்தா, அந்த ஆளோட, அந்த வருஷத்தோட பெட்டியில சிவப்புப் பேப்பர் ஒட்டி ஒதுக்கி வச்சுருங்க. வேலையை விட்டு நிப்பாட்டுனவர் 60 நாளுக்குள்ள தொழில் உறவுச் சட்டம் செக்‌ஷன் 20ல மறுபடி வேலை கேட்டு முறையிடலாம், அப்புறம் கேஸ் இழுத்துக்கிட்டே போகும், நடுவுல நீங்க பேப்பரை அரைச்சா அது சாட்சியத்தை அழிச்ச மாதிரி ஆயிரும்.

மெஷினுங்களையும் மறந்துறாதீங்க. கைரேகை வச்சு வருகை போடுற மெஷின்ல போனவங்களோட ரேகை அப்படியே இருக்கும், இப்போ அது பிடிபிஏல சென்சிட்டிவ் டேட்டா, ஆள் போற அன்னைக்கே அழிக்கணும். லீஸ்ல எடுத்த போட்டோஸ்டேட் மெஷினைத் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி உள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கான்னு கேட்டு, துடைச்சுக் குடுக்கச் சொல்லி எழுத்துல வாங்கிக்கோங்க, நீங்க எடுத்த ஐசி காப்பி அதுக்குள்ளயும் உக்காந்திருக்கலாம்.